கணக்குக் கேட்டவரிடம் டாக்டர் கடிதம் கேட்ட கோயில் நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

கோயில் தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, பொருளாளர், நிர்வாக உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன கூட்டத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைத் திரும்பப் பெறச் சொல்லி இதை எழுதுகிறேன். நம் கோயில் உறுப்பினரான ஓர் அக்கா, தன் மனநிலை சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம், அதுவரை கோயிலின் புலன (வாட்ஸ்அப்) குழுவிலும் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அதைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் விட்டீர்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் படித்தது அதைத்தான். பிள்ளைகளும் படித்தார்கள்.

அந்த அக்கா என்ன கேட்டார்? தோட்டம் கைமாறி நிலம் வீடமைப்புக்குப் போனபோது, பழைய கோயிலை இடம் மாற்றுவதற்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு இன்னும் வங்கியில் இருக்கிறது, மண்டபத்துக்குத் தரை போட்ட பில் எங்கே என்று கேட்டார். சந்தா கட்டும் எந்த உறுப்பினரும் கேட்கக்கூடிய கேள்வி. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் தன் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் சொல்கிறது. பதிவிலாகாவுக்குக் காட்ட வேண்டிய கணக்கை உறுப்பினருக்குக் காட்டுவதில் என்ன சிரமம்?

ஆனால் குழுவில் அவருக்குக் கிடைத்த பதில் வேறு. “அக்கா, இன்னைக்கு மருந்து சாப்பிடலையா?” என்று ஒருவர் கேட்டார். “தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு பெட் சொல்லி வைங்க” என்று இன்னொருவர், மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அப்புறம் உங்களில் ஒருவர், கணவர் இறந்த பிறகு அந்த அக்கா மன அழுத்தத்துக்கு ஈப்போவில் சிகிச்சை எடுத்ததை எல்லாருக்கும் தெரியும்படி எழுதினார். அவருக்கு அது எப்படித் தெரியும்? பஸ்ஸில் போக முடியாத நிலையில் இருந்த அக்காவை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். அந்த உதவிக்காக அக்கா இன்றுவரை அவரை வாயார வாழ்த்துகிறவர். அவர் செய்த உதவி பெரிது, மறுக்கவில்லை. உதவி செய்தபோது கண்ணில் பட்டதைச் சண்டையில் எடுத்து வீசியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். அந்த அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நீளநீளமாக எழுதினார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், சில வார்த்தைகள் கடுமையாக இருந்தன. உண்மைதான், நானும் படித்தேன். ராத்திரியில் எழுதக் கூடாது என்று விதி போடுங்கள். வார்த்தை தடித்தால் கண்டியுங்கள். ஒரே கேள்வியை ஏன் திரும்பக் கேட்கிறார் என்பதற்கு மட்டும் நோய் தேட வேண்டியதில்லை. பதில் வராததால் கேட்கிறார்.

மனநலம் சரியில்லை என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவர் பேச்சை எடுத்து ஆராய வேண்டிய வேலை எல்லாருக்கும் மிச்சமாகிவிடுகிறது. பொய் சொல்கிறார் என்றால் நீங்கள் நிரூபிக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் விளக்க வேண்டும். ‘மெண்டல்’ என்று சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் கோபப்பட்டால் அதுவே சாட்சி, அழுதால் அதுவும் சாட்சி, வாயை மூடிக்கொண்டால் ‘பார்த்தீங்களா’ என்பீர்கள். இந்தப் பழியிலிருந்து எந்த மனிதரும் தன் வாயால் பேசி வெளியே வர முடியாது. அதனால்தான் கணக்கு வழக்கில் பதில் இல்லாத எல்லாருக்கும் இது வசதியாக இருக்கிறது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் நிறுக்கும்போது அளவு குறைகிறது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார். “அவன் ஒரு கிறுக்கன், விடு” என்று மற்றவர்கள் முன்னால் கிராணி சொன்னதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அளவு சரிதானா என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. தோட்டங்களில் இது நம் ஊரோடு நின்ற கதையும் கிடையாது. அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தியும் கரும்பும் விளைவித்த காலத்தில், 1851-இல், சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்கு ‘டிராபெட்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியத்தில் சவுக்கடியும் ஒன்று. தோட்டத்தை விட்டு ஏன் ஓடுகிறான் என்று கேட்டால் முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓடுகிறவனுக்கு நோய் என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். தோட்டத்து வியர்வையில் எழுந்த கோயிலின் நிர்வாகம், அந்த முதலாளிமாரின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசியுங்கள்.

அந்த அக்காவுக்காக மட்டும் நான் பேசவில்லை. என் வீட்டில் தம்பி இருக்கிறான். அவனுக்கு மனச்சிதைவு நோய். மாதா மாதம் ஊசி, அது போக மாத்திரைகள். உங்களில் பலர் அவனோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். செயலாளர் தம்பி, நீங்கள் அவன் வகுப்பு. காவடி ஆட்டத்துக்கு அவன் உறுமி அடித்ததைக் கேட்டவர். அவன் இப்போது அதிகம் வெளியே வருவதில்லை, ஆனால் கைப்பேசியில் கோயில் செய்திகளைத் தவறாமல் படிப்பான். திருவிழாப் படங்கள் வந்தால் எனக்குக் காட்டுவான்.

அந்த இரவு உங்கள் பதில்களையும் அவன் படித்திருக்கிறான். மறுநாள் காலையில் அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கிளினிக்கில் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரும் மருந்தின் பெயரும் அந்தத் தாளில்தான் இருக்கும். காலையில் எது, இரவில் எது என்பதும் அதில்தான் இருக்கும். எல்லாப் பையும் மொட்டையாகக் கிடந்தது. வெள்ளை மாத்திரைகள் இரண்டு வகை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மருந்தகத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுத்தான் பிரித்தேன். ஊசி போடும் நாள் வந்தபோது நம் ஊர்க் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றான். அங்கே நம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். ஊசி தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். குரல்கள் திரும்பி வரும், தூக்கம் போகும், சாப்பாட்டில் சந்தேகம் வரும், பிறகு மீண்டும் வார்டு. அம்மா இருந்த காலத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டோம். கெஞ்சிக் கூத்தாடி வேறு நாள் வாங்கி, விடியற்காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

‘மருந்து சாப்பிட்டியா’ என்பது எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி நான் அவனிடம் கேட்கும் கேள்வி. அதைக் கேட்டுத்தான் அவன் நன்றாக இருக்கிறான். நீங்கள் அதை ஊர் சிரிக்கும் வசவாக்கிய பிறகு, நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உங்களில் யாரும் அவனை நினைத்து அதை எழுதவில்லை என்று நம்புகிறேன். அப்படி எழுதினால் அவன் மாதிரி ஒருவனும் அதைப் படிப்பான் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. என் வருத்தம் அங்கேதான்.

நம் ஊரில் எத்தனை பேர் இப்படிப் படித்திருப்பார்கள்? சுகாதார அமைச்சு நடத்திய 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மன அழுத்த நோய் இருப்பதாகத் தெரிந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019-இல் அது 2.3 விழுக்காடுதான். அந்தக் கணக்கை நம் கோயிலுக்குப் போட்டால் முந்நூறு பேருக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர். அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறவர்களிலும் இருப்பார்கள், தேர் இழுக்கிறவர்களிலும் இருப்பார்கள், நிர்வாக மேசையிலும் இருக்கலாம். அவர்கள் எல்லாரும் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: இந்த ஊரில் சிகிச்சைக்குப் போகாதே, போனாலும் யாரிடமும் காரில் ஏறாதே.

நம் சமூகத்தில் இந்தப் பாடத்துக்கு விலை அதிகம். மலேசியாவில் தற்கொலை விகிதம் இனவாரியாக இந்தியர்களிடம் அதிகம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் செய்தி. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் புள்ளிவிவரமே வேண்டாம், புல் மருந்து குடித்து இறந்தவர் ஒருவராவது நினைவுக்கு வருவார். தப்பிப் பிழைத்தவருக்கும் 2023 வரை தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இருந்தது. தற்கொலைக்கு முயன்றதே குற்றம். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளே மறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சட்டமே மனசு மாறிவிட்டது, அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நாம்தான் இன்னும் மறைத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2024 ஜூலையில் ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட பெண் இணையப் பகடிவதை தாங்காமல் இறந்தபோது நம் குழுவில் விளக்குப் படம் போட்டோம். அவரை ஏசிய ஒரு பெண்ணுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று செய்தி வந்தபோது, இதுதானா நீதி என்று தலைவர் அண்ணனே கோபமாக எழுதினார். அந்தக் கோபம் நாடு முழுக்க எழுந்ததால்தான் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை முதல் பகடிவதைக்கென்று தனிப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சட்டத்தைக் காட்டி மிரட்ட இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அண்ணனுக்கு வந்த கோபத்தை இந்த அக்காவுக்காகவும் எதிர்பார்க்கிறேன்.

தஞ்சோங் ரம்புத்தான் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகிற வழியில் சிம்மோர் தாண்டினால் அதற்குப் பிரியும் பாதை. 1911-இல் திறந்த மருத்துவமனை, இன்றைக்கு ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. நூறு ஆண்டுக்கு மேலாகப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சிகிச்சை கொடுத்த இடம். என் தம்பி அங்கே போகும்போது நடக்கக்கூடத் தெம்பில்லாமல் போனான், சாப்பிட்டுத் தூங்கிச் சிரித்துப் பேசும் ஆளாக வந்தான். அங்கே ஒரு நர்ஸ் அம்மா அவன் தலையை வாரிவிட்டதை நான் மறக்க மாட்டேன். அந்த ஊர்ப் பெயரை வசவாக வைத்துக்கொண்டே வளர்ந்த ஊர் நம்முடையது. பக்கத்து ஊர் என்பதால் நமக்கு அது இன்னும் சுலபமாக வாயில் வருகிறது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அக்காவுக்கு ஆதரவாகப் பேசிய நீங்களும் சளைக்கவில்லை. தலைவரை ‘நார்சிசிஸ்ட்’ என்றீர்கள், செயலாளரை ‘சைக்கோ’ என்றீர்கள், கணக்கை ஒளித்து வைப்பதற்கு ‘பைபோலார்’ (இருமுனை மனநோய்) என்று காரணம் சொன்னீர்கள். பைபோலார் உள்ளவர் கணக்கை ஒளிப்பார் என்று எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லவில்லை. நோய் வேறு, குணக்கேடு வேறு. கணக்குக் காட்டவில்லை என்றால் கணக்குக் காட்டவில்லை என்று சொல்லுங்கள், அதுவே போதுமான குற்றச்சாட்டு. நம் பக்கத்து ஆள் சொன்னால் சரி, எதிர்ப்பக்கம் சொன்னால் தப்பு என்று நான் வாதாட வரவில்லை.

டாக்டர்களே நினைத்த மாதிரி இதைச் சொல்லிவிட முடியாது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட பேரி கோல்ட்வாட்டர் பதவிக்கு ஏற்ற மனநிலையில் இருக்கிறாரா என்று ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கேட்டது. 1,189 பேர் அவர் தகுதியற்றவர் என்று பதில் எழுதினார்கள், அவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல். கோல்ட்வாட்டர் அந்தப் பத்திரிகைமீது வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத ஒருவரைப் பற்றி மனநல மருத்துவர் கருத்துச் சொல்வது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதி போட்டது. நம் நாட்டிலும் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. ஒருவர் மனநோயால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று முடிவு செய்ய நீதிமன்றம் விசாரணை நடத்த வேண்டும். அதை நீங்கள் மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டே முடித்துவிட்டீர்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்த ஒருவருக்குக் கூட்டல் கழித்தல் மறந்து போகாது. அந்த அக்கா இன்றும் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

சரி, நான் கேட்பது இவைதான்.

அறிவிப்புப் பலகையில் இருக்கும் அந்தத் தாளை உடனே எடுங்கள். தீர்மானம் ரத்து என்று கூட்டக் குறிப்பில் எழுதி, அதே பலகையில், அதே அளவுத் தாளில் ஒட்டுங்கள். அந்த அக்காவைக் குழுவில் திரும்பச் சேருங்கள். பொதுக்கூட்டத்தில் மற்ற உறுப்பினர்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அவருக்கும் கொடுங்கள். இனி எந்த உறுப்பினரிடமும் இப்படிக் கடிதம் கேட்க மாட்டோம் என்பதும் குறிப்பில் ஏற வேண்டும்.

அவருடைய சிகிச்சையை வெளியிட்டவர், எழுதிய அதே இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ‘யார் மனசாவது புண்பட்டிருந்தால்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். யார் மனசு, எதனால் புண்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் அண்ணன் அந்த அக்கா வீட்டுக்கு நேரில் போக வேண்டும். நீங்கள் வயதில் பெரியவர், உங்கள் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

நோயையோ, மருந்தையோ, மருத்துவமனையையோ காட்டி ஒருவரைத் தாக்கும் செய்தியை நீக்குவது என்று விதி செய்யுங்கள். எழுதியவர் நிர்வாகத்தில் இருந்தாலும் அந்த விதி பொருந்த வேண்டும். ஓர் உறுப்பினரைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள், துணைக்குக் கிளினிக் போங்கள், அங்கே கண்டதை அங்கேயே விட்டுவிடுங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ ஆலோசனை எண் 15555. திருவிழா நோட்டீஸின் கீழே அதை அச்சடியுங்கள், ஒரு வரிதான் ஆகும்.

கடைசியாக, கணக்கு. இழப்பீட்டுப் பணம் வந்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள வங்கி அறிக்கையும் தரை போட்ட பில்லும் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக உறுப்பினர்கள் பார்க்கும்படி வையுங்கள். பணம் சரியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் எழுந்து கைதட்டுவோம், முதல் ஆளாக அந்த அக்காவே தட்டுவார். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். கேட்டவர் அவர், அவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

என் பெயரை இதில் போடவில்லை, போட்டால் தம்பியின் பெயர் தெரிந்துவிடும். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பொதுக்கூட்டத்தில் முன் வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிவரும் உறுப்பினர்,
சுங்கை சிப்புட்